பிஎச் என்றால் பூஜ்யங்களை எண்ணுவது: நெல்லைச் சீமை அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டப் பள்ளிகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம். மூன்று மாவட்டங்களையும் சேர்த்தேதான் எழுதுகிறேன். 1986 வரை ஒரே மாவட்டமாக இருந்த சீமை இது. மண்ணும் தண்ணீரும் எல்லைக்கோடு பார்த்து மாறுவதில்லை.

நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மண்ணைத் தண்ணீரில் கலக்கி, பிஎச் என்ற அமில-கார அளவைப் பார்த்து, அட்டையில் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. இப்போது சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் சிலர் பாடத்தில் சந்தேகம் கேட்க வருகிறார்கள். அமிலம் நீல லிட்மசைச் சிவப்பாக்கும், காரம் சிவப்பு லிட்மசை நீலமாக்கும், நீரில் கரையும் காரத்துக்கு எரிகாரம் என்று பெயர், ஏழு நடுநிலை என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். "சரி, தயிருக்கு பிஎச் 4, எலுமிச்சைச் சாற்றுக்கு 2. எவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டால் "ரெண்டு சார்" என்பார்கள். "ரெண்டு என்ன?" என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்ல இந்த மடல் இல்லை. உங்களையும் சொல்லவில்லை. பரீட்சையில் கேட்பது வண்ணப் பட்டை என்றால் வகுப்பிலும் வண்ணப் பட்டைதான் ஓடும். ஆனால் பிஎச் பாடத்தில் உயிரான விஷயங்கள் இரண்டு. ஒவ்வொரு எண்ணும் ஒரு பத்து மடங்கு என்பது ஒன்று. அந்த எண் இப்போது கரைசலில் தனியாகத் திரியும் ஹைட்ரஜன் அயனியை மட்டும்தான் சொல்லுகிறது, உள்ளே மொத்தம் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதைச் சொல்லுவதில்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டும் பிடிபடாமல் பத்தாம் வகுப்பைத் தாண்டும் பிள்ளைக்கு மண் அட்டையும் புரியாது, குடிதண்ணீர் அறிக்கையும் புரியாது.

முதல் விஷயத்தைச் சொல்ல நம்மிடம் நல்ல வசதி ஒன்று இருக்கிறது. நாம் நூறு, ஆயிரம், லட்சம், கோடி என்று எண்ணிப் பழகியவர்கள். மோல் என்பது அயனிகளை எண்ண வைத்திருக்கும் ஒரு பெரிய எண்ணிக்கை, டஜன் மாதிரி. ஒரு லிட்டரில் நூற்றில் ஒரு மோல் ஹைட்ரஜன் அயனி இருந்தால் பிஎச் 2. ஆயிரத்தில் ஒரு மோல் என்றால் 3. லட்சத்தில் ஒன்று என்றால் 5. கோடியில் ஒன்று என்றால் 7. நூற்றுக்கு எத்தனை பூஜ்யம், கோடிக்கு எத்தனை பூஜ்யம் என்று எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு பிஎச் தெரிந்த மாதிரிதான். பூஜ்யம் கூடக் கூட அயனி குறைகிறது. எண் ஏறினால் அமிலத் தன்மை ஏன் இறங்குகிறது என்று தலையைச் சொறிய வேண்டியதே இல்லை.

பத்தாம் வகுப்புப் பாடத்தில் பிஎச்சுக்கு மடக்கை (லாகரிதம்) வைத்த சூத்திரம் வந்துவிடுகிறது. மடக்கையைக் கணக்குப் பாடம் விரிவாக எடுத்துக்கொள்வது பதினொன்றில். நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை சூத்திரத்தை மந்திரம் போலச் சொல்லி விடை எழுதுகிறது. 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் நொதிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சோரன்சன் இந்த அளவைக் கொண்டுவந்ததே, இத்தனை பூஜ்யங்களை ஒவ்வொரு தடவையும் எழுதுவதை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் எழுதத்தான். அதைச் சொல்லிவிட்டு மடக்கைக்குப் போனால் அது பயமுறுத்தாது.

காரப் பக்கமும் இதே கணக்குதான். நீர்க்கரைசல் எதுவானாலும் ஹைட்ரஜன் அயனிக்கான பூஜ்யங்களையும் ஹைட்ராக்சில் அயனிக்கான பூஜ்யங்களையும் கூட்டினால் 25 டிகிரியில் பதினாலு வரும். பிஎச் 12 என்றால் ஹைட்ரஜன் பக்கம் பன்னிரண்டு பூஜ்யம், ஹைட்ராக்சில் பக்கம் இரண்டே பூஜ்யம், அதாவது லிட்டருக்கு நூற்றில் ஒரு மோல். சுண்ணாம்புத் தெளிவிலும் ஹைட்ரஜன் அயனி இருக்கிறது, மிக மிகச் சொற்பமாக. காரத்தில் ஹைட்ரஜன் அயனியே கிடையாது என்று பிள்ளைகள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அவர்கள் கண் விரிவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பத்து மடங்கு வெறும் பாடச் சமாசாரம் இல்லை. ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர் ஒருவர் ஒருநாள் இரண்டு மண் அட்டைகளை என் மேசைமேல் வைத்தார். பழைய அட்டையில் 7.5, புதிய அட்டையில் 8.5. இடைப்பட்ட காலத்தில் போர் போட்டு அந்தத் தண்ணீரைப் பாய்ச்சியிருக்கிறார். உளுந்து இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுப்பகுதி வெளுத்துவிட்டது. "ஒரு புள்ளிதான அண்ணாச்சி கூடியிருக்கு, இதுக்கா இம்புட்டு ஜிப்சம் போடச் சொல்லுதிய?" என்றார். "மூணு கோடியில ஒண்ணு இருந்தது, இப்போ முப்பது கோடியில ஒண்ணு" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தார். "அப்போ பத்துல ஒரு பங்காயிட்டுன்னு சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் பாடம். அப்புறம், காரம் ஏறிய மண்ணில் இரும்பும் துத்தநாகமும் கரையாமல் கட்டிக்கிடக்கும், மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது என்று சொன்னபோது, இலை ஏன் வெளுத்தது என்பதை அவரே சொல்லி முடித்தார்.

வகுப்பில் இதைக் காட்ட ஒரு சோதனை போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 0.1 மோலார், அதாவது லிட்டருக்குப் பத்தில் ஒரு மோல் அளவுக்கு நீங்களே நீர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதை முதல் சோதனைக் குழாயில் ஊற்றுங்கள். அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து ஒன்பது மில்லி காய்ச்சி வடித்த நீரோடு இரண்டாம் குழாயில் சேர்க்க வேண்டும். இரண்டாவதிலிருந்து ஒரு மில்லி மூன்றாவதுக்கு. ஊசியில்லாத சிரிஞ்சு இருந்தால் பிள்ளைகளே இதைச் செய்துவிடுவார்கள். பிஎச் தாளில் பார்த்தால் 1, 2, 3, 4 என்று படி ஏறும். நாலு குழாயோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு மேல் நீர்த்தால் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும். தாள் தீர்ந்துவிட்டதா? வேலியோரத்துச் சங்குப்பூவைப் பறித்துச் சுடுதண்ணீரில் போட்டு வடிகட்டுங்கள். நீலச் சாறு கிடைக்கும். கடுமையான அமிலத்தில் சிவப்பு கலந்த இளஞ்சிவப்பாகவும், அமிலம் குறையக் குறைய ஊதாவாகவும், நடுநிலையில் நீலமாகவும், காரத்தில் பச்சையாகவும், சுண்ணாம்புத் தெளிவு மாதிரிக் கடுங்காரத்தில் மஞ்சளாகவும் போகும். செம்பருத்தியை விட இதில் நிறங்கள் தெளிவு.

அந்தச் சமயத்தில் யாராவது ஒரு பிள்ளை கேட்கும், "இப்படியே தண்ணி ஊத்திக்கிட்டே போனா அமிலம் காரமாயிருமா சார்?" கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். பத்துக் கோடியில் ஒரு மோல் அளவுக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குச் சூத்திரப்படி பிஎச் 8 வர வேண்டும். வராது. தண்ணீருக்கே சொந்தமாகக் கோடியில் ஒன்று இருக்கிறதே! இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 6.98 வரும். சூத்திரத்தை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதைச் சொல்ல இதை விட நல்ல இடம் பாடத்தில் வேறு கிடையாது.

இப்போது அதே நாலு குழாய்ச் சோதனையை வினிகரில் செய்து பாருங்கள். பத்து மடங்கு நீர்த்தாலும் பிஎச் ஒரு படி ஏறாது, அரைப் படிதான் ஏறும். என்னைக் கேட்டால் பாடத்தின் நெஞ்சே இந்த அரைப் படியில்தான் இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் தன்னிடம் உள்ள ஹைட்ரஜன் அயனி முழுவதையும் தண்ணீரில் அவிழ்த்து விட்டுவிடுகிறது. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் அப்படி இல்லை. பெரும்பகுதியைத் தன்னோடு கட்டி வைத்துக்கொண்டு கொஞ்சத்தை மட்டும் வெளியே விடுகிறது. தண்ணீர் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் விடும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 1. அதே 0.1 மோலார் அசெட்டிக் அமிலத்துக்குச் சுமார் 2.9. கிட்டத்தட்ட எண்பது மடங்கு வித்தியாசம். ஆனால் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியை இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை எடுத்து, நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு காரத்தைத்தான் குடிக்கும்.

பிஎச் என்பது சட்டைப்பையில் இருக்கும் காசு. மொத்த அமிலம் என்பது வங்கியில் இருப்பதையும் சேர்த்த கணக்கு. எலுமிச்சைச் சாறு எடுத்துக்கொள்ளுங்கள், புளியங்குடி எலுமிச்சையே கிடைத்தால் நல்லது. அதன் பிஎச் 2-க்குச் சற்று மேலே. அதே பிஎச் வரும்படி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பக்கத்தில் வையுங்கள். தாளில் இரண்டும் ஒரே நிறம். தரம் பார்த்தால் எலுமிச்சைச் சாறு பல பத்து மடங்கு அதிகக் காரத்தை விழுங்கும். ஒரே நிறம் காட்டிய இரண்டு கரைசல் இப்படி நடந்துகொள்வதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, செறிவு, நீர்ப்பு, வலிமை, மென்மை என்ற நாலு சொல்லையும் ஆயுசுக்கும் குழப்பிக்கொள்ளாது.

இந்த மண்ணிலேயே அந்தப் பாடம் கிடக்கிறது. கோவில்பட்டிக் கரிசலில் ஒரு பிடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி என்ற செம்மணல் மேட்டு மணலில் ஒரு பிடி எடுத்து வந்து, இரண்டிலும் ஒரே அளவு வினிகரை ஊற்றுங்கள். கரிசலில் சுக்கான்கல் கலந்திருந்தால் நுரைத்துப் பொங்கும். வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாலும் பிஎச் லேசில் இறங்காது. மண்ணில் உள்ள கால்சியம் கார்பனேட் வருகிற அமிலத்தையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். தேரி மணலுக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை, சட்டென்று இறங்கிவிடும். ஒரே அமிலம், ஒரே அளவு, இரண்டு மண். கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பிஎச் லேசில் மாறாத தாங்கல் கரைசல் என்று பதினொன்று, பன்னிரண்டில் வரப்போகும் பாடத்துக்கு இப்போதே அடித்தளம் போட்டாகிவிட்டது.

ஜிப்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. களர் மண்ணுக்கு ஜிப்சம் போட்டால் பிஎச் இறங்கும் என்றதும், ஜிப்சம் ஓர் அமிலம் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அமிலமே இல்லை, கால்சியம் சல்பேட் என்ற உப்பு. மண் துகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தை இறக்கிவிட்டு அந்த இடத்தில் கால்சியம் உட்காருகிறது. இறங்கிய சோடியத்தை நல்ல தண்ணீர் கட்டி வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லாத வயலில் மூட்டை மூட்டையாக ஜிப்சம் போட்டும் பலன் இல்லாமல் போவது இதனால்தான்.

அடுத்து பதநீர். இதை எந்தப் பாடப் பகுதியில் சேர்ப்பீர்களோ தெரியாது, ஆனால் நம் சீமையில் அமில-காரப் பாடம் நடத்திவிட்டு பதநீரைப் பேசாமல் விடுவது நியாயம் இல்லை. பனையேறி பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுவதற்கு முன்னால் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார். காலையில் இறக்கினால் பதநீர். சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் கள். ஒரே பாளை, ஒரே சாறு. பாளையிலிருந்து சொட்டும் சாறு ஏறக்குறைய நடுநிலையில் இருக்கிறது. அதில் எட்டில் ஒரு பங்கு போலச் சுக்ரோஸ், அதாவது கரும்பில் இருக்கும் அதே கரும்புச் சர்க்கரைதான். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் அதில் விழுந்ததும் வேலையைத் தொடங்கிவிடும். சர்க்கரை சாராயமாகவும் புளிப்பமிலமாகவும் மாறும், பிஎச் 4-ஐ ஒட்டி இறங்கும். சுண்ணாம்பு பிஎச்சை மேலே தூக்கி நிறுத்திவிட்டால் அந்த உயிர்களுக்கு அங்கே பிழைப்பு இல்லை.

இதோடு முடியவில்லை. உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுகிறவர்களிடம் கேளுங்கள். புளித்த பதநீரை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகு பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும், சிரட்டையில் ஊற்றினால் கட்டியாகாது. அமிலம் இருக்கும் சாற்றைச் சூடாக்கும்போது கரும்புச் சர்க்கரை உடைந்து குளுக்கோசும் ஃபிரக்டோசும் ஆகிவிடுகிறது. அவை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், படிகமாக விடாது. ஆக கலயத்தில் தடவிய அந்தச் சுண்ணாம்பு சாறு கள்ளாகாமலும் பார்த்துக்கொள்கிறது, பாகு கட்டியாவதற்கும் வழி செய்கிறது. சுண்ணாம்பு கூடினால் பதநீர் நாக்கில் சுள்ளென்று பிடிக்கும். குறைந்தால் மத்தியானத்துக்குள் நுரை கட்டும். பனையேறிகள் இந்த அளவைக் கைப்பழக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் ஒரு நாள் விடியற்காலையில் பதநீர் வாங்கி வந்து, ஒரு டம்ளரை வகுப்பில் திறந்து வைத்து, மணிக்கொரு தடவை பிஎச் தாளை முக்கிப் பாருங்கள். பிள்ளைகள் குடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பாவதைப் பெரும்பாலும் எல்லா ஆசிரியர்களும் காட்டிவிடுகிறீர்கள். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். மஞ்சள் நிறம் மாறவில்லை என்றால் அது அமிலம் என்று எழுத விடாதீர்கள். மஞ்சள் 8 பக்கத்தில்தான் சிவக்கத் தொடங்கும். தயிரிலும் மஞ்சள், நல்ல தண்ணீரிலும் மஞ்சள். அதே மாதிரி மெத்தில் ஆரஞ்சு மாறுவது 3.1-க்கும் 4.4-க்கும் நடுவில், பினாப்தலீன் 8.2-க்கு மேல். ஒவ்வொரு நிறங்காட்டிக்கும் அதனதன் எல்லை உண்டு, எல்லாமும் ஏழில் மாறுவதில்லை.

காய்ச்சி வடித்த நீரில் 7 வரவில்லை, 6-க்கும் கீழே காட்டுகிறது, தாள் பழசு என்று தூக்கிப் போட்டுவிட்டதாக ஒரு பிள்ளை சொன்னது. எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. தாள் சரியாகத்தான் இருந்திருக்கும். திறந்து வைத்த வடிநீர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு 5.6 வரை இறங்கும். மாசு இல்லாத மழைத்தண்ணீருக்கும் அதே எண்தான். ஏழு என்ற நடுநிலையே 25 டிகிரிக்குச் சொன்னது. சித்திரை மாதத்தில் பாளையங்கோட்டை வகுப்பறை 35 டிகிரியில் இருக்கும்போது நடுநிலைப் புள்ளி 6.8-ஐ ஒட்டி வந்துவிடும். அதற்காகத் தண்ணீர் அமிலமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, இரண்டு அயனியும் சமமாகவே கூடியிருக்கும். அளவுகோல் 0-இல் தொடங்கி 14-இல் முடிகிறது என்பதும் படம் வரைய வசதியாகச் சொன்னதுதான். கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்து நீரில் பூஜ்யத்துக்கும் கீழே -3.6 அளந்திருக்கிறார்கள்.

தேனீ கொட்டினால் சமையல் சோடா, குளவி கொட்டினால் வினிகர் என்ற பழைய சங்கதியையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கொடுக்கு விஷத்தைத் தோலுக்கு அடியில் இறக்குகிறது, மேலே தடவுவது அங்கே போய்ச் சேருவதில்லை. வலியைக் கிளப்புவதும் பெரும்பாலும் விஷத்தில் உள்ள புரதப் பொருள்கள்தான். நடுநிலையாக்கலுக்கு வேறு உதாரணம் ஆயிரம் இருக்கிறது. காரத் தண்ணீர் குடித்தால் ரத்தம் காரமாகி நோய் ஓடிவிடும் என்று விளம்பரம் வருகிறதே, அதை வகுப்பில் வைத்துப் பேசலாம். இரைப்பைக்குள் 1.5 முதல் 3.5 வரை அமிலம் காத்திருக்கிறது. ரத்தத்தையோ நுரையீரலும் சிறுநீரகமும் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவிலேயே பிடித்து வைத்திருக்கின்றன. மிச்சத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

நடுநிலையாக்கலை நன்றாகப் படித்த பிள்ளைக்குத்தான் ஓர் ஆபத்து இருக்கிறது. அமிலம் மேலே பட்டால் காரத்தை ஊற்று, காரம் பட்டால் அமிலத்தை ஊற்று என்று அதற்குத் தோன்றும். இதை அடித்துச் சொல்லித் திருத்துங்கள். நடுநிலையாக்கல் சூட்டைக் கக்கும் வினை. வெந்த தோலில் இன்னொரு சூடு. பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் விடாமல் கழுவுவது ஒன்றே வழி. முக்கியமாகக் கண். நம் வீடுகளில் தாத்தா பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தில் சுண்ணாம்பு டப்பா எட்டுகிற இடத்தில் கிடக்கும். குழந்தை அதை அழுத்தி விளையாடி, பிதுங்கிக் கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். அமிலம் பட்ட இடத்தில் திசுவின் புரதம் உறைந்து ஒரு தடுப்பு மாதிரி நிற்கும். காரம் அப்படி நிற்காது, கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே போகும். கண்ணைத் திறந்து வைத்துக் குறைந்தது அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், ஒட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புத் துணுக்கையும் தண்ணீராலேயே அகற்ற வேண்டும், அப்புறம் உடனே ஆஸ்பத்திரி. தாய்ப்பால், எலுமிச்சை, எண்ணெய் எதுவும் கூடாது. அமிலத்தை விடக் காரம் சாது என்ற எண்ணம் பிள்ளைகளிடம் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழுவழுப்பாக இருக்கும், சோப்பு மாதிரி என்று படித்ததனால் இருக்கலாம். அந்த வழுவழுப்பே தோலின் எண்ணெய்ப் பசையைக் காரம் சோப்பாக மாற்றுவதனால் வருவதுதான்.

கழிப்பறை கழுவ வாங்கும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு வரும். கதவைச் சாத்திக்கொண்டு கழுவுகிறவர் மயங்கி விழ அது போதும். அடர் அமிலத்தை நீர்க்கும்போது தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. இவற்றை மதிப்பெண் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள்.

கேள்வித்தாள் எடுக்கும் ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். 'பிஎச் வரையறு' என்பதை ஒரு வருடம் ஓரமாக வைத்துவிட்டு இப்படிக் கேட்டுப் பாருங்களேன்: நயினார்குளத்துத் தண்ணீரை விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் எடுத்து அளந்தால், பாசி நிறைந்த நாளில் பிற்பகல் எண் கூடுதலாக இருக்கிறது, ஏன்? வெயிலில் பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும், தண்ணீரில் கார்பானிக் அமிலம் குறையும், பிஎச் ஏறும். ராத்திரி பாசி மூச்சு விட விடத் திரும்ப இறங்கும். மனப்பாடம் செய்த பிள்ளை திணறும், புரிந்த பிள்ளை எழுதிவிடும். அல்லது இப்படி: குடிதண்ணீருக்கு இந்தியத் தரம் 6.5 முதல் 8.5 வரை. இந்தத் தண்ணீரில் பிஎச் 7.2 என்று மட்டும் அறிக்கை வந்தால் குடிக்கலாமா? கூடாது என்று சொல்ல ஒரே காரணம் போதும்: கிருமி இருக்கிறதா, உப்பு எவ்வளவு என்பதெல்லாம் பிஎச்சில் தெரியாது.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. ஆய்வகச் சாவி யாரிடம் என்பதே பல பள்ளிகளில் முதல் பிரச்சினை, அதை நீங்கள்தான் தீர்க்க வேண்டும். பேனா மாதிரி இருக்கும் பிஎச் மீட்டர் ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள், ஆனால் 4, 7, 9.2 தாங்கல் கரைசல்களையும் சேர்த்து வாங்க வேண்டும். சரிபார்க்காத மீட்டர் காட்டும் இரண்டு தசம எண்ணுக்கு மரியாதை கிடையாது. முனையைக் காய விடக்கூடாது, வடிநீரில் ஊற வைக்கவும் கூடாது, பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். மண்ணுக்குப் பார்ப்பதாக இருந்தால் 20 கிராம் மண், 50 மில்லி வடிநீர், அரை மணி நேரம் விட்டு விட்டுக் கலக்கிவிட்டு அளக்கலாம். கரிசல், செவல், தேரி மணல், ஆற்று வண்டல் நாலும் என் வீட்டுத் திண்ணையில் டப்பாக்களில் இருக்கின்றன. வகுப்புக்கு வேண்டுமென்றால் ஒரு பிள்ளையை அனுப்பினால் போதும், பை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவன்,
பாளையங்கோட்டை